ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த கதைகள்

பூச்சோங்கில் தமிழ் வகுப்புகளுக்குக் கதை தேடிக் கொடுக்கும் நாம், ஆசிரியர்களும் பெற்றோர்களும், பல ஆண்டுகளாக ஒரே அளவுகோலை வைத்திருந்தோம். கதை அச்சில் இருக்க வேண்டும், இரண்டு பக்கத்துக்குள் முடிய வேண்டும், கடைசி வரியில் நீதி இருக்க வேண்டும். காக்கையும் நரியும், முயலும் ஆமையும், தெனாலிராமனும் ஆண்டுதோறும் வந்தார்கள். கதை சொல்லும் போட்டிக்கும் அவர்களே போனார்கள். நிலாம் என்னும் பள்ளி வாசிப்புத் திட்டத்தின் பதிவில் தலைப்புகள் கூடியதும் வேலை முடிந்ததென்று இருந்துவிட்டோம்.

கின்றாராவும் காசல்ஃபீல்டும் நம் பிள்ளைகளுக்கு வீடமைப்புப் பகுதிகளின் பெயர்கள். நம் பெற்றோருக்கு அவை பால்மரம் வெட்டிய தோட்டங்கள். விடியுமுன் பெரட்டு என்னும் வருகைப் பதிவுக்கு ஓடிய தாய்மார்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனார்கள். அங்கேயும் லயத்து வாசலிலும் முனி வந்தார், மதுரை வீரன் வந்தான், நல்லதங்காள் வந்தாள். தோட்டம் கைமாறியபோது அந்தக் கதைகளைச் சொன்னவர்கள் நம்மோடுதான் அடுக்குமாடிக்குக் குடிவந்தார்கள். மலேசிய எழுத்தாளர் முத்தம்மாள் பழனிசாமி நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். நாமோ நம் வீட்டுப் பாட்டியின் கதையைக் கைப்பேசியில் பதிந்து வைக்கவும் உட்காரவில்லை.

நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் பயந்தோம். மதுரை வீரன் கதையை எடுத்தால், காட்டில் விடப்பட்ட குழந்தையைச் செருப்புத் தைக்கும் தம்பதி வளர்த்ததையும், அவன் பொம்மியை மணந்ததையும், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். ஏன் வெட்டினார்கள் என்று பிள்ளை கேட்கும். சாதியைப் பேசியாக வேண்டும். அந்தக் கேள்விக்கு முன் நிற்கத் துணிவில்லாமல் கதையையே ஒதுக்கினோம். அவன் கோயிலில் திருநீறு பூசிக்கொள்ளும் பிள்ளைக்கு அவன் யாரென்று தெரியாது.

பஞ்சத்தில் வாடி ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிய நல்லதங்காள் குழந்தைகளுக்கு ஆகாது என்றோம். ஸ்னோ ஒயிட்டை மட்டும் தயங்காமல் கொடுத்தோம். கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில், அந்தச் சிறுமியைக் கொன்று ஈரலும் நுரையீரலும் கொண்டுவரச் சொல்லி, சமைத்துத் தின்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். பிள்ளைகளுக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் அந்தக் கதைகளோடு உழைத்தார்கள். நல்லதங்காளுக்கு நாம் ஒரு மாலைகூடத் தரவில்லை. ஒன்றாம் ஆண்டுக்கு அவள் வேண்டாம்தான். பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவர்களின் வழிவந்த பிள்ளைகளுக்கு ஆறாம் ஆண்டிலாவது அவளைச் சொல்லியிருக்க வேண்டும்.

பக்கத்து வகுப்பையும் எட்டிப் பார்க்கவில்லை. மலாய்ப் பாடத்தில் சாங் கஞ்சில் என்னும் சருகுமான் முதலைகளை எண்ணுவதாக ஏமாற்றி ஆற்றைக் கடக்கிறது. தமிழ்ப் பாடத்தில் பஞ்சதந்திரக் குரங்கு, இதயத்தை மரத்தில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி முதலையிடம் தப்புகிறது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா 1835இல் பஞ்சதந்திரத்தை மலாய்க்குக் கொண்டுபோனது தமிழிலிருந்துதான். இரண்டு பாடமும் படிக்கும் பிள்ளையிடம் இதை யாரும் சொன்னதில்லை.

அடுத்த தவணைப் பட்டியலில் கஞ்சிலும் குரங்கும் ஒரே வாரத்தில் வரட்டும். ஐந்தாம் ஆண்டுக்கு மதுரை வீரன் முழுதாக வரட்டும். சொல்லத் தெரிந்த பாட்டிகள் பலருக்கு இப்போது மாடிப்படி இறங்க முடியாது. நம்மில் யாராவது காரோடு போய் அழைத்துவர வேண்டும்.