மூன்றாவது பட்டன்

எங்கள் ஆபீஸில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். வயசு இருபத்து நாலு. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை, இரண்டாவதில் தனக்கு ஷூ, மூன்றாவதில் மியூச்சுவல் ஃபண்டு என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறான். (என் முதல் மூன்று சம்பளமும் எங்கே போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மெஸ்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.)

போன வாரம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரமாகப் பார்த்து செல்போனை நீட்டினான்.

"ஸார், இதுல மூணு பட்டன் இருக்கு. எதை அமுக்கறது?"

பார்த்தேன். 'க்ரோத்'. 'ஐ.டி.சி.டபிள்யூ. பேஅவுட்'. 'ஐ.டி.சி.டபிள்யூ. ரீஇன்வெஸ்ட்மெண்ட்'.

"மூணாவதை மட்டும் யோசிக்காம அமுக்கிடாதே தம்பி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் அதை அமுக்கிட்டு எட்டு மாசம் பெத்த அப்பாகிட்டே திருடன் பட்டம் வாங்கினான்."

"யார் ஸார் அது?"

"நான்தான்."

பையன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். லெமன் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, அது காலையிலேயே ஆறினதுதான்.

முதலில் அந்த எழுத்துக்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.சி.டபிள்யூ. என்றால் ஏதோ பஸ் ரூட் மாதிரி இருக்கிறதல்லவா? 2021 மார்ச் வரை அதற்கு 'டிவிடெண்ட்' என்று அழகான பேர் இருந்தது. டிவிடெண்ட் என்றவுடன் நம் ஆட்கள் தீபாவளி போனஸ் மாதிரி, மேலே கிடைக்கிற காசு என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியில்லை என்று புரியவைப்பதற்காக, 2021 ஏப்ரல் 1 முதல் பேரை மாற்றச் சொல்லிவிட்டது செபி. புதுப் பேரின் அர்த்தம், 'வருமானப் பங்கீடும், கூடவே முதலைத் திரும்ப எடுப்பதும்'. அதாவது வருகிற காசில் ஒரு பகுதி, நீங்கள் போட்ட காசாகவே இருக்கலாம்.

ஒரு குடம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். க்ரோத் என்றால் தண்ணீர் குடத்திலேயே இருக்கும். பேஅவுட் என்றால் அதிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு உங்கள் கையில் கொடுப்பார்கள். ரீஇன்வெஸ்ட்மெண்ட் என்றால் ஒரு டம்ளர் மொண்டு, உங்களுக்குத் தூரத்திலிருந்து காட்டி, வருமான வரிக்காரரை ஒரு வாய் குடிக்கச் சொல்லி, மிச்சத்தைத் திரும்பக் குடத்திலேயே ஊற்றிவிடுவார்கள்.

இப்போது என் கதை.

அப்பா திருச்சியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதி ரிடையர் ஆனவர். பென்ஷன் கிடையாது. சேர்த்து வைத்திருந்ததில் 6 லட்ச ரூபாயை 2022 மே மாதம் என்னிடம் சொல்லி ஒரு ஃபண்டில் போட்டார். கண்டிஷன் ஒன்றே ஒன்று.

"மாசாமாசம் ஏதோ கொஞ்சம் கைக்கு வரணும்டா. அவ்வளவுதான்."

மாதாமாதம் டிவிடெண்ட் அறிவிக்கிற ஃபண்டாகத் தேடிப் பிடித்தேன். கணக்கு அப்பா பேரில், பாங்க் அப்பாவுடையது, செல் நம்பர் மட்டும் என்னுடையது. அவர் ஃபோனில் மெஸேஜ் வந்தால் அதைத் திறப்பதற்குப் பக்கத்து வீட்டுப் பெண் வரவேண்டும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன், கடைசி பட்டன் வரைக்கும். என் சொந்தக் கணக்கில் நான் எப்போதும் ரீஇன்வெஸ்ட்மெண்ட் போடுகிறவன். மேனேஜர் கூப்பிட்டார். விரல் பழக்கதோஷத்தில் மூன்றாவது பட்டனை அமுக்கிவிட்டு ஓடினேன்.

ஜூன் மாதம் மெஸேஜ் வந்தது. 'டிவிடெண்ட் 3,000 ரூபாய்' என்று முதல் வரி. ஆகா, அப்பாவுக்குப் பணம் போய்விட்டது என்று ஃபோனைப் பையில் போட்டேன். 'மறுமுதலீடு செய்யப்பட்டது' என்பது இரண்டாவது வரி. இரண்டாவது வரி படிக்கிற வழக்கம் நமக்கு ஏது?

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். மாதம் ஒரு மெஸேஜ். மாதம் ஒரு முறை நானும் என்னை நல்ல பிள்ளை என்று மெச்சிக்கொண்டேன்.

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சாயந்திரம் ஆறு மணி. அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அவர் அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததில்லை. தெருமுனை டீக்கடையில் அவரும் அவர் வயசுக்காரர்கள் நாலு பேரும் உட்கார்ந்து நாட்டை ஆண்டுகொண்டிருப்பார்கள். ஒவ்வொரு நாள் ஒருத்தர் காசு கொடுக்கிற ஏற்பாடு.

"என்னம்மா, அப்பா டீக்கடைக்குப் போகலை?"

"முழங்கால் வலியாம்" என்றாள் அம்மா. அப்புறம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "முழங்காலும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவர் முறை வந்தா அம்பது, அறுபது ஆகுது. தினம் அடுத்தவன் காசுல டீ குடிக்கறது நல்லாயில்லைன்னு நிறுத்திட்டார்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாதம் 3,000 ரூபாய் வருகிற மனிதர் டீக்கு யோசிப்பானேன்? அலமாரியில் இருந்த பாஸ்புக்கை எடுத்தேன். மாதம் தவறாமல் பாங்குக்குப் போய் மெஷினில் பதிந்திருந்தார். வட்டி இருந்தது, காஸ் மானியம் இருந்தது. ஃபண்டு பேரில் ஒரு வரி கூட இல்லை. எட்டு மாசம். என் ஃபோனில் பழைய மெஸேஜைத் தேடி, வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டாவது வரியைப் படித்தேன்.

"அப்பா, எட்டு மாசமா பணமே வரலியே. ஏன் என்னைக் கேக்கலை?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எல்லாம் உன் ஃபோன்லதானேடா பண்ணினே. உனக்குத்தான் ஏதோ நெருக்கடி போலிருக்கு, எடுத்துக்கறேன்னு நினைச்சேன். கேட்டா உனக்கு சங்கடமா இருக்கும். குழந்தை ஸ்கூல் ஃபீஸ் வேற. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

திருடன் என்று திட்டியிருந்தால் கூடத் தேவலை. திருடன் என்று நினைத்துக்கொண்டு, மன்னித்து, டீயையும் நிறுத்தியிருக்கிறார்!

அன்று ராத்திரி ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சுலபமாக இருக்கட்டும் என்று யூனிட் விலை 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். 6 லட்சத்துக்கு 30,000 யூனிட். யூனிட்டுக்குப் பத்துப் பைசா டிவிடெண்ட் என்றால் 3,000 ரூபாய். அதைப் பிரித்த உடனே யூனிட் விலை 19.90 ஆகிவிடும். கையிருப்பு 5,97,000. வரிப் பிடித்தம் 10 சதவீதம், 300 ரூபாய். மிச்சம் 2,700 ரூபாய்க்குப் புது யூனிட் வாங்கிப் போடுவார்கள். ஆக 5,99,700.

அப்பா பேப்பரை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். முப்பத்தஞ்சு வருஷம் கணக்கெழுதினவர்.

"ஆக, என் காசை எடுத்து, அதுல முந்நூறு கழிச்சுக்கிட்டு, மறுபடி என் பையிலேயே போட்டிருக்கான். இதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டர்?"

பதில் இல்லை. கைக்கே வராத பணத்துக்கு வரி மட்டும் ஒழுங்காகப் பிடித்திருந்தார்கள். 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் நம் வருமானத்தோடு சேர்ந்து, நம் வரி விகிதத்துக்கு உட்பட்டது. பேஅவுட்டோ ரீஇன்வெஸ்ட்மெண்டோ, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த வருஷம் ஒரு ஃபண்டு கம்பெனியிலிருந்து 5,000 ரூபாய்க்கு மேல் போனாலே பிடித்தம். (2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10,000 ரூபாய்.) அப்பாவுக்கு வரி கட்டுகிற அளவுக்கு வருமானமே இல்லை. பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கினோம். வரி கட்ட வேண்டாத பெரியவர்கள் அப்படி ஓர் உறுதிமொழிப் படிவம் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பிடிக்க மாட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ரீஇன்வெஸ்ட்மெண்டிலிருந்து பேஅவுட்டுக்கு மாற்றுவது பெரிய காரியமில்லை, ஒரு விண்ணப்பம். பிப்ரவரி மாதம் பாஸ்புக்கில் முதல் வரி விழுந்தது. எட்டு மாச யூனிட்டை விற்றுக் காசாக்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், இருக்கட்டும். நீ எடுக்கலைன்னு தெரிஞ்சுதே, அது போதும்" என்றார்.

லெமன் சாதத்தில் நான் ஒரு வாய் கூட வைக்கவில்லை. பையன் விடுவதாக இல்லை.

"அப்ப நான் ரெண்டாவதை அமுக்கட்டுமா ஸார்?"

"உனக்கு இந்தப் பணம் இப்போ வேணுமா?"

"வேணாம் ஸார். பத்து வருஷம் கழிச்சு எடுத்தாப் போதும்."

"அப்போ க்ரோத்."

காரணம் இருக்கிறது. க்ரோத்தில், விற்கிற அன்றைக்குத்தான் வரி. பங்கு சார்ந்த ஃபண்டை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், வருஷத்துக்கு 1.25 லட்ச ரூபாய் லாபம் வரை வரி கிடையாது. அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இதுதான் கணக்கு. டிவிடெண்டுக்கோ, நீங்கள் 30 சதவீதக்காரர் என்றால் 30 சதவீதம்தான்.

ஏற்கெனவே மூன்றாவது பட்டனை அமுக்கிவிட்டவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, ஒவ்வொரு மறுமுதலீடும் ஒரு புதுக் கொள்முதல். அதற்கென்று தனித் தேதி, தனி விலை. பின்னால் விற்று லாபம் கணக்கிடும்போது அந்த விலையையும் அடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டிவிடெண்ட் என்று ஒரு தடவை, லாபம் என்று இன்னொரு தடவை, ஒரே காசுக்கு இரண்டு வரி. வரி சேமிப்பு ஃபண்டாக இருந்தால் இன்னும் வேடிக்கை. மறுமுதலீடான யூனிட் ஒவ்வொன்றுக்கும் புதிதாக மூன்று வருஷப் பூட்டு. யானை போய் வால் மாட்டிக்கொண்ட கதைதான்.

இரண்டாவது, க்ரோத்துக்கு மாறுகிறேன் என்று அவசரப்பட்டு அமுக்காதீர்கள். அது ஒன்றை விற்று இன்னொன்றை வாங்கியதாகவே கணக்கு. லாபம் இருந்தால் வரி உண்டு. வெளியேறும் கட்டணம் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஷேர் டிவிடெண்டுக்கும் இதே மாதிரி பட்டன் உண்டா ஸார்?"

அமெரிக்காவில் உண்டு. அங்கே புரோக்கர் கணக்கில் ஒரு சுவிட்சைப் போட்டால் வருகிற டிவிடெண்டுக்கு அதே கம்பெனியில் முக்கால் ஷேர், கால் ஷேர் என்று கூட வாங்கிப் போட்டுவிடுவார்கள். நம் ஊரில் அரை ஷேர், கால் ஷேர் கிடையாது. டிவிடெண்ட் புரோக்கரிடம் கூடப் போகாது, டிமேட்டில் எந்த பாங்க் கணக்கு பதிவாகியிருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடும். அந்தக் கணக்கைத்தான் நாம் வேலை மாறும்போது மூடிவிட்டு மறந்திருப்போம்! ஏழு வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால் அந்த டிவிடெண்ட் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி என்கிற அரசாங்க நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு வருஷம் வாங்காமல் இருந்தால் ஷேரே பின்னால் போய்விடும். திரும்ப வாங்கலாம். படிவம், பத்திரம், அலைச்சல் எல்லாவற்றோடும்.

"உங்கப்பா இப்ப எப்படி இருக்கார் ஸார்?"

"டீக்கடைக்குப் போறார். முதல் ஒரு வாரம் யார் முறைன்னு பார்க்காம இவரே காசு கொடுத்தாராம். எட்டு மாசப் பாக்கியாம்."

டிவிடெண்ட் குறைகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. கண்டிப்பாக வரும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. இன்ன தேதிக்கு இவ்வளவு வேண்டும் என்கிறவர்கள் க்ரோத்தில் போட்டு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை எடுத்துத் தரும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். எடுக்கிற பணத்தில் லாபமாக இருக்கிற பகுதிக்கு மட்டும்தான் வரிக் கணக்கு. ஆனால் லாபத்தை விட அதிகமாக எடுத்தால் குடம் காலியாகும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "வர்றது வரட்டும். வராத மாசம் மட்டும் ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லிடு" என்றார். அன்றிலிருந்து மாதம் ஒரு ஃபோன். வந்த மாதமும் பண்ணுகிறேன்.

பையன் க்ரோத்தை அமுக்கினான். பிறகு ஏதோ யோசித்தான்.

"ஸார், எங்கப்பாவுக்கும் நான்தான் டிமேட் ஓப்பன் பண்ணிக் கொடுத்தேன். அதுல எந்த பாங்க் கொடுத்தேன்னு ஞாபகமே இல்லையே..."

"கேளேன்."

உடனே நம்பரைப் போட்டான். மறுமுனையில் முதல் கேள்வி என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பையன், பாதி காலியான என் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"சாப்பிட்டேம்பா. லெமன் சாதம்."