பத்து வயது பென்ஸ்: வாங்கும் விலை வேறு, ஓட்டும் செலவு வேறு

டெல்லிப் பதிவு எண் கொண்ட பி.எம்.டபிள்யூ 520டி. ஒரே ஓனர், தோல் இருக்கைகள், கீறல் இல்லாத பெயின்ட். கேட்கும் விலையோ, ஷோரூமில் புதிதாக நிற்கும் ஒரு சின்ன மாருதி காரின் விலை. சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் செகண்ட்ஹேண்ட் கார் தேடுகிறவர்களின் கைப்பேசிக்கு இப்படி ஒரு விளம்பரம் அடிக்கடி வருகிறது. புதிதாக வாங்கியபோது ஏறத்தாழ 40 லட்சம் கொடுக்கப்பட்ட வண்டி அது. வாழ்நாளில் ஒரு முறையாவது அப்படியொரு காரில் உட்கார வேண்டும் என்று நினைத்த குடும்பத்துக்கு, கைக்கு எட்டும் தூரத்தில் அது வந்து நிற்கும்போது மனம் தடுமாறத்தான் செய்யும். அந்த ஆசையில் தவறே இல்லை.

விலை இவ்வளவு இறங்குவதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதன் பிறகு அந்த விதி தளர்வதும் இறுகுவதுமாக இருந்தாலும், பத்து வயதை நெருங்கும் டீசல் சொகுசுக் கார்களை, தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி வெளிமாநிலத்துக்கு விற்றுவிடும் வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது. இங்கே கொண்டுவந்தால் வயதுக்கு ஏற்ற வரியைக் கட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபதிவு செய்ய வேண்டும். இதை எல்லோரும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். போடாமல் விடுகிற கணக்கு வேறு.

காரின் விலை 40 லட்சத்திலிருந்து 7 லட்சத்துக்கு இறங்கினாலும், அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. பம்பர், கம்ப்ரஸர், ஹெட்லைட் எல்லாம் 40 லட்ச ரூபாய்க் காருக்காகச் செய்யப்பட்டவை. இன்றும் அதே கணக்கில்தான் விற்கப்படுகின்றன. வாங்குபவர் 7 லட்ச ரூபாய்க் காரின் பராமரிப்புச் செலவை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். முதல் பெரிய பில் வரும்போதுதான் உண்மை தெரிகிறது.

மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரை எடுத்துக்கொள்ளலாம். 1998இல் வெளிவந்த டபிள்யூ220 மாடலில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றில் இயங்கும் 'ஏர்மேட்டிக்' சஸ்பென்ஷன் வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் நான்கு காற்றுப் பைகள், அவற்றுக்குக் காற்று ஊட்ட ஒரு சின்ன கம்ப்ரஸர், நடுவில் வால்வுகள். மேடு பள்ளம் தெரியாத அந்தப் பயணத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் பை ரப்பரால் ஆனது. வெயிலிலும் தூசியிலும் பத்து வருடம் மடங்கி விரிந்த ரப்பரில் மயிரிழை வெடிப்பு விழும். இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு மூலை மட்டும் தரையை ஒட்டிக் குனிந்து நிற்கும். ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரஸர் காற்றடித்து மெல்லத் தூக்கிவிடும். "தூக்கிடுச்சே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஓனர் ஓட்டிக்கொண்டிருப்பார். கசியும் பைக்கு ஓயாமல் காற்றடித்துச் சூடேறிய கம்ப்ரஸர் ஒரு நாள் கருகிவிடும். இப்போது இரண்டையும் மாற்ற வேண்டும். கம்பெனி ஒரிஜினல் என்றால் ஒரு பக்கத்துக்கே லட்சத்தைத் தொடும் செலவு. கசிவு தெரிந்த வாரமே பையை மாற்றியிருந்தால் பாதியோடு முடிந்திருக்கும். பழைய சொகுசுக் காரின் பெரிய பில்களில் பல இப்படித் தள்ளிப்போட்ட சின்ன பில்களிலிருந்து வளர்ந்தவை.

விளம்பரத்தில் வந்த அந்த 520டிக்கு வருவோம். 2007இல் அறிமுகமான என்47 என்ற நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் இதிலும், நம் ஊரில் நிறைய ஓடும் 320டியிலும் இருந்தது. பெரும்பாலான இன்ஜின்களில் டைமிங் செயின் முன்பக்கம் இருக்கும், கழற்றுவது எளிது. இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்துவிட்டார்கள். 2007 முதல் 2011 வரை வந்த இன்ஜின்களில் செயினும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகளும் சீக்கிரமே தேய்ந்த புகார்கள் பல நாடுகளில் எழுந்தன. செயின் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும். இன்ஜின் அதோடு முடிந்தது. செயின் தொகுப்பின் விலை பெரிதில்லை. அதைப் போட இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும் என்பதுதான் செலவு. அனுபவமுள்ள மெக்கானிக் வண்டியைப் பார்க்கும்போது முதல் நாள் இரவே விற்பவரிடம் சொல்லிவைப்பார், காலையில் தான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. குளிர்ந்த இன்ஜின் உயிர்பெறும் முதல் சில விநாடிகளில், நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினின் பின்புறம் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். 'கரகர' என்ற உரசல் கேட்டால் அந்த வண்டி வேண்டாம். விற்பவர் முன்கூட்டியே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், அதுவே சந்தேகப்படப் போதுமான காரணம்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் தவறு கார் கம்பெனிகளுடையது. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் செய்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி, பி.எம்.டபிள்யூ., ஜாகுவார், ரேஞ்ச் ரோவர், ஆடி ஏ8 எனப் பல வண்டிகளில் போனது. அதன் ஆயிலை வண்டியின் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை என்று பி.எம்.டபிள்யூ. சொன்னது. பெட்டியைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. முதல் ஓனர் ஐந்து வருடம் ஓட்டிவிட்டு விற்றுவிடுவார். சர்வீஸ் செலவு குறைவாக இருந்ததென்று அவருக்குத் திருப்தி. கறுத்துப்போன ஆயிலோடு வண்டி மூன்றாவது ஓனரிடம் வரும்போது கியர் மாறுகையில் குலுக்கல் தொடங்கியிருக்கும். ஃபில்டர் கூடத் தனியாக வராது. பெரும்பாலான வண்டிகளில் அடியிலுள்ள பிளாஸ்டிக் ஆயில் பேனோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பதால், பேனையே மாற்ற வேண்டும். இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தும் வாங்குபவருக்கு எழுத்தில் சொல்லாமல் விட்டது நியாயமே இல்லை.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். பழைய வண்டிக்கு அது பாதிக் குடைதான். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். 10 ஆண்டு கடந்த வண்டியில் உலோகப் பாகங்களுக்கும் அதே 50 சதவீதம். தேய்மானம் பார்க்காத பாலிசி இத்தனை வயதான வண்டிக்குக் கிடைப்பது அரிது. அதைவிடப் பெரிய சிக்கல் ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு. பழுது பார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். முன்னால் போகும் லாரியில் லேசாக முட்டி ஒரு ஹெட்லைட், பம்பர், ரேடியேட்டர் போனால் போதும்; கம்பெனி எஸ்டிமேட் அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இன்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கிற ஒரு கார் காயலான் கடைக் கணக்கில் சேர்வது இப்படித்தான்.

மழை வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல ஜெர்மன் கார்களில் கன்ட்ரோல் யூனிட்டுகள் தரைவிரிப்புக்கு அடியிலும் டிக்கியின் ஓரக் குழியிலும் உட்கார்ந்திருக்கின்றன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை பார்த்த அளவு தண்ணீர் வேண்டாம், கணுக்கால் அளவு உள்ளே புகுந்தாலே போதும், அவை கெட்டுவிடும். வாங்கும் முன் தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சொகுசுக் கார் என்றாலே இப்படித்தான் என்று சொல்வது சரியல்ல. கிரீஸ் நாட்டின் டாக்சி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சாச்சினிடிஸின் 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி 46 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. இன்ஜின்களை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிய அந்தக் காரை 2004இல் கம்பெனியே பெற்றுக்கொண்டு அருங்காட்சியகத்தில் வைத்தது. டொயோட்டாவின் லெக்சஸ் எல்.எஸ்.400 காரும் அப்படித்தான். அமெரிக்க வாகனப் பத்திரிகையாளர் மேட் ஃபாரா கையிலிருந்த 1996 மாடல் 2019இல் 10 லட்சம் மைலைத் தாண்டியது. வசதியும் உழைப்பும் ஒரே வண்டியில் சேர முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு என்னதான் மாறியது? மின்னணுக் கருவிகளைப் புகுத்துவதில் அவசரம் வந்தது. 2002இல் வந்த டபிள்யூ211 இ கிளாஸில் பிரேக் மிதியின் அழுத்தத்தை கம்ப்யூட்டர் படித்து, பம்ப் மூலம் பிரேக் பிடிக்கும் எஸ்.பி.சி. என்ற அமைப்பு இருந்தது. பிரேக் பிடித்த எண்ணிக்கையை அந்தப் பம்ப் தானே கணக்கு வைத்து, குறிப்பிட்ட அளவு வந்ததும் சர்வீஸுக்கு வரச்சொல்லும். 2004இல் இந்த பிரேக்குக்காக சுமார் 6,80,000 வண்டிகளை மெர்சிடிஸ் திரும்ப அழைத்தது. அடுத்த ஆண்டே பிரேக், பேட்டரி, ஆல்டர்நேட்டர் கோளாறுகளுக்காக 13 லட்சம் வண்டிகளை அழைக்க வேண்டி வந்தது. 2006இல் இ கிளாஸில் அந்த அமைப்பையே கைவிட்டார்கள். அந்தக் காலத்து வண்டிகள்தான் பின்னாளில் மலிவு விலைக்கு வந்தன.

ஆனாலும் கோளாறு வருவது ஒரு பங்கு. வந்த கோளாறை யார் சரிசெய்யலாம் என்பதில்தான் செலவின் பெரும்பங்கு இருக்கிறது.

கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், போன நூற்றாண்டின் பழைய கார்களை எவ்வளவு அழகாகக் காப்பாற்ற முடியும் என்று. அப்படிப்பட்ட கார்களின் ஒரு புஷ்ஷோ ஷாஃப்ட்டோ தேய்ந்தால், அந்த ஊரின் லேத் பட்டறை ஒன்றில் மாதிரியைக் கொடுத்தால் அச்சு மாறாமல் கடைந்து கொடுத்துவிடுவார்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பாகத்தை வாங்கிப் பொருத்தி ஓட்டியவர்கள் ஏராளம். அந்தக் கைத்திறன் இன்றும் இருக்கிறது. பூட்டு போட்டதுதான் புதிது.

மெர்சிடிஸின் ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் ஒரு மின்னணுத் தட்டு உண்டு. அதில் வேகத்தை அளக்கும் விரல்நக அளவு சென்சார்கள் பழுதாவது ஊரறிந்த கோளாறு. வண்டி ஒரே கியரில் சிக்கி ஊர்ந்து வரும். சென்சார் தனியாக விற்பனைக்கு இல்லை, முழுத் தட்டையும் மாற்ற வேண்டும். புதுத் தட்டு திருட்டுத் தடுப்புப் பட்டியலில் இருப்பதால், வண்டியின் சேஸி எண்ணைக் கொடுத்துக் கம்பெனி வழியாகத்தான் வாங்க முடியும். போட்ட பிறகும் கம்பெனியின் சர்வரோடு இணைத்து 'கோடிங்' செய்தால்தான் வேலை செய்யும். வேறொரு பென்ஸிலிருந்து கழற்றிய நல்ல தட்டைப் பொருத்தினால் அது முந்தைய வண்டியின் எண்ணையே நினைவில் வைத்துக்கொண்டு இயங்க மறுக்கும். பத்து வருடம் பென்ஸ் பார்த்த மெக்கானிக் கோளாறு என்ன, எங்கே, எப்படிக் கழற்ற வேண்டும் என்பதையெல்லாம் அறிந்திருந்தும், "இதுக்கு மேல கம்பெனிக்குத்தான் போகணும் சார்" என்று கையை விரிப்பது இதனால்தான்.

நம் நாட்டில் இதைச் சட்டமே கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம், மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ. உள்ளிட்ட 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்து, தாங்கள் வைத்ததே விலை என்று ஆக்கிவிட்டார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கி, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. நல்ல தொடக்கம், ஆனால் தகவல் தரும் தளம் ஒன்று கோடிங் பூட்டைத் திறந்துவிடாது.

வெளிநாடுகளில் திறந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலேயே, பழுதுபார்க்கும் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று கார் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து இதே உரிமையைப் பெற்றார்கள். 2014இல் கார் கம்பெனிகள் அந்த நாடு முழுக்க அதை ஏற்றுக்கொண்டன. இதே கம்பெனிகள்தான் இங்கேயும் கார் விற்கின்றன. சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்களைப் பூட்டிக் கோத்து அனுப்புகிறார்கள். அந்த ஆலைக்குச் சில கிலோமீட்டர் தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு, ஜெர்மனியிலோ பாஸ்டனிலோ உள்ள மெக்கானிக்குக்குக் கிடைக்கும் மென்பொருள் உரிமை ஏன் கிடைக்கக் கூடாது? கட்டணம் வாங்கிக்கொண்டு தரட்டும். தரமாட்டேன் என்று சொல்லக் கூடாது.

அந்த நாள் வரும்வரை, வாங்க நினைப்பவர் மூன்று நான்கு விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். சர்வீஸ் ரெகார்டு இல்லாத வண்டியின் மீட்டரை நம்பவே வேண்டாம். சேஸி எண்ணைக் கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய வரலாற்றைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் குறிப்பிட்ட பிராண்டை மட்டும் பார்க்கிற பட்டறையில், முறையான ஸ்கேனர் போட்டுச் சோதித்த பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். வாங்கும் விலையில் குறைந்தது கால் பங்கை முதல் ஆண்டுப் பழுதுக்கென்று ஒதுக்கி வைக்க முடியாதவர், அதே பணத்துக்கு ஐந்து வயதான ஒரு டொயோட்டாவையோ ஹோண்டாவையோ பார்ப்பது நல்லது. அதற்கு மேலும் பழைய பென்ஸ்தான் வேண்டும் என்றால், ஏர் சஸ்பென்ஷன் இல்லாமல் சாதாரண ஸ்பிரிங்கோடு வந்த சி கிளாஸ், இ கிளாஸ் வகைகளைத் தேடலாம். இருக்கையின் சுகம் கொஞ்சமும் குறையாது. பழுதாகக்கூடிய பாகங்களில் நான்கைந்து குறையும்.