கொம்பு எத்தனை இன்ச், கூட்டம் எத்தனை தலை?

அலாஸ்காவிலும் வட கனடாவிலும் கேரிபூ வேட்டைக்குப் போகிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. எங்கேயோ தூரத்தில் நடந்து போகும் மானை பைனாகுலரில் பார்த்துவிட்டு, "இது 350 தேறும்", "அது 400-ஐத் தொடும்" என்று சொல்லிவிடுவார்கள். அது எடை இல்லை. கொம்பின் மதிப்பெண். யூட்யூபில் அந்த ஊர் வேட்டை வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமாக இருக்கும்.

வேட்டை என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இதை வெறும் திமிர் என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அப்படித் தள்ள மனசில்லை. இது நிஜமான திறமை. ஆனால் கடைசியில் அளக்க வேண்டியதை முதலில் அளக்கிற திறமை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கேரிபூ யார் என்று பார்த்துவிடலாம். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கும் ரெயின்டீரும் இதுவும் ஒரே இனம்தான். ஐரோப்பா, ஆசியப் பக்கம் ரெயின்டீர், வட அமெரிக்காவின் காட்டில் திரிந்தால் கேரிபூ. மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இதில்தான் சகஜம். மாட்டுக் கொம்பு மாதிரி ஆயுசுக்கும் நிற்காது. வருஷா வருஷம் உதிர்ந்து புதிதாக முளைக்கும். பெரிய ஆண்கள் இணைசேரும் பருவம் முடிந்ததும், குளிர்காலத் தொடக்கத்திலேயே உதிர்த்துவிடும். சினையாக இருக்கும் பெண்கள் வசந்தத்தில் குட்டி போடும் சமயம் வரை வைத்திருக்கும். ஆகவே டிசம்பர் 25 அன்று கொம்போடு பறக்கிறவை பெரும்பாலும் பெண்களாகத்தான் இருக்க வேண்டும் :-)

இனி மதிப்பெண். அமெரிக்காவில் இதற்குப் பொதுவான அளவுகோல் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்புடையது. 1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆரம்பித்த கிளப் அது. இப்போதுள்ள மதிப்பெண் முறை 1950-ல் வந்தது. கொம்பின் நீண்ட தண்டு, இரண்டு தண்டுகளுக்கும் நடுவில் உள்ள அகலம், முகத்துக்கு மேல் மண்வாரி போல நீட்டிக்கொண்டிருக்கும் 'ஷவல்', அதற்கு மேலே கிளம்பும் 'பெஸ்' என்ற கிளை, உச்சியில் உள்ளங்கை போல விரியும் தட்டை, அங்கங்கே தண்டின் சுற்றளவு என்று எல்லாவற்றையும் இன்ச்சில் அளந்து கூட்டுவார்கள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு எண். இடது வலது ஒத்துப்போகாவிட்டால் சில அளவுகளில் கழிவும் உண்டு. கொம்பு 60 நாள் காய்ந்த பிறகுதான் அதிகாரபூர்வமாக டேப் வைக்க வேண்டும். கிளப்பின் எல்லாக் காலத்துக்குமான சாதனைப் புத்தகத்தில் இடம்பிடிக்க பேரன் கிரவுண்ட் கேரிபூவுக்கு 400 வேண்டும், மலைக் கேரிபூவுக்கு 390, கியூபெக்-லாப்ரடார் வகைக்கு 375, காட்டுப் பகுதி வகையான வுட்லேண்டுக்கு 295.

இத்தனையையும் உயிரோடு நடந்துகொண்டிருக்கும் மிருகத்தின் தலையில் கண்ணாலேயே அளக்க வேண்டும். அதுவும் சில நிமிஷத்துக்குள். எப்படி? மிருகத்தின் உடம்பையே ஸ்கேலாக வைத்துக்கொள்வார்கள். ஆண் கேரிபூவின் தோள் உயரம் சுமாராக 4 அடி. பக்கவாட்டில் நிற்கும்போது கொம்புத் தண்டின் வளைவை மனசுக்குள் நிமிர்த்தி அந்த உயரத்தோடு ஒப்பிட்டால் தண்டின் நீளம் பிடிபடும். முகத்தின் நீளத்தை வைத்து ஷவலும் பெஸ்ஸும். நேருக்கு நேர் திரும்பினால் அகலம் தெரியும். ஷவல் ஒன்றா, இரண்டு பக்கமும் உண்டா என்பதும் தெரியும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் நன்றாக விரிந்திருக்கும், இரண்டும் விரிந்தது அபூர்வம். முதுகைக் காட்டி நடக்கும்போது உச்சித் தட்டைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று கோணமும் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் பாடம்.

ஏமாற்றுவதற்கும் நிறைய விஷயங்கள் இருக்கின்றன. கேரிபூவுக்கு உடம்பு சின்னது, கொம்பு பெரிசு. அதனால் புதுசாகப் போகிறவருக்கு முதல் நாள் பார்க்கிற ஒவ்வொரு ஆணும் சாதனை மானாகவே தெரியும். பக்கத்தில் பெண் மான்கள் நின்றால் இன்னும் மோசம். மேட்டின் மேல் வானத்தைப் பின்னணியாக வைத்து நின்றால் கொம்பு ஒரு சுற்று கூடித் தெரியும். வளரும் கொம்பைப் போர்த்தியிருக்கும் வெல்வெட் தோல் இன்னும் உரியவில்லை என்றால் அதன் கனமும் சேர்ந்து கண்ணைக் கட்டும். மரமே இல்லாத துந்திரா வெளியில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருளும் கிடையாது.

நான் இந்தத் திறமையை மதிக்கிறதற்குக் காரணம் இதுதான். இது 'சுடாதே' என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிறது. நல்ல கைடு என்பவர் நாள் முழுக்க "இது வேண்டாம், அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர். துப்பாக்கி கையில் இருக்கும் மனுஷனைப் பொறுமையாகப் பத்து நிமிஷம் பார்க்க வைக்கிற எந்தப் பழக்கமும் கெட்டதில்லை.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், கண் எதை அளக்கப் பழகுகிறதோ அதை மட்டும்தான் பார்க்க ஆரம்பிக்கும். ஆபீசில் அப்ரைசல் படிவத்தில் இருக்கிற ஐந்து கட்டங்களுக்காகவே வருஷம் பூரா வேலை பார்க்கிறவர்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். படிவத்தில் இல்லாத வேலை வேலையே இல்லை. அந்தக் கதைதான் இதுவும்.

அதே கேரிபூவை, சாப்பாட்டுக்காக வேட்டையாடும் ஆள் எப்படிப் பார்க்கிறார்? குவிச்சின், டெனே, இனுயிட் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இது குளிர்காலச் சோறு. அவர்கள் தேடுவது கொழுப்பை. பின்பக்கம் உருண்டிருக்கிறதா, நடை எப்படி, முதுகு ஒட்டியிருக்கிறதா என்று பார்வை போகும். கோடை முழுக்க மேய்ந்த ஆண், இலையுதிர் காலத் தொடக்கத்தில் முதுகில் நல்ல கொழுப்போடு இருக்கும். அக்டோபரில் இணைசேரும் பருவம் வந்துவிட்டால் தீனியையே மறந்துவிடும். கொழுப்பு கரைந்துவிடும், இறைச்சியில் வாயில் வைக்க முடியாத வாடை ஏறிவிடும். இப்போது கொம்புக்காரரின் காலண்டரைப் பாருங்கள். வெல்வெட் உரிந்து கொம்பு பளிச்சென்று வெளியே வருவது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். அதாவது கொம்பு அழகாகும் சமயத்தில் இறைச்சியின் கெடு நெருங்க ஆரம்பித்துவிடுகிறது. பெரிசு வரட்டும், இன்னும் பெரிசு வரட்டும் என்று காத்திருப்பவர் ஒரு கட்டத்தில் சாப்பிட முடியாத மிருகத்துக்காகக் காத்திருக்கிறார்.

அலாஸ்கா அரசுக்கு இது தெரியும். அங்கே சுட்டால் உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்கக் கூடாது, வெளியே கொண்டுவந்தாக வேண்டும். கொம்பு கடைசி நடை இறைச்சியோடுதான் வரலாம், அல்லது அதற்கும் பிறகு. முதல் நடையில் கொம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் குற்றம். இறைச்சி முன்னே, கொம்பு பின்னே என்று சட்டமே வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது.

ஆனால் இந்த இரண்டு கணக்குக்கும் முன்னால் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் எத்தனை தலை?

இதையும் தூரத்திலிருந்துதான் மதிப்பிட வேண்டும். கோடையில் கொசுத் தொல்லை தாங்காமல் கேரிபூக்கள் நெருக்கியடித்துக் கும்பலாக நிற்கும். அந்தச் சில நாட்களில் விமானத்திலிருந்து படம் எடுத்து எண்ணுவார்கள். கூட்டங்களை எண்ணி வந்த எண்களைக் கொஞ்சம் பாருங்கள். கியூபெக், லாப்ரடார் பகுதியின் ஜார்ஜ் ரிவர் கூட்டம் 1990-களில் 7 லட்சத்துக்கு மேல். 2001-ல் சுமார் 3,85,000. 2018-ல் 5,500. கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் பாதர்ஸ்ட் கூட்டம் 1986-ல் சுமார் 4,70,000. 2021-ல் 6,200 சொச்சம். அலாஸ்காவின் வெஸ்டர்ன் ஆர்க்டிக் கூட்டம் 2003-ல் 4,90,000, 2023-ல் 1,52,000. ஜார்ஜ் ரிவர் கூட்டத்தின் விளையாட்டு வேட்டையைக் கியூபெக் 2012-ல் நிறுத்தியது, 2013-ல் லாப்ரடார் முழுத் தடை போட்டது. 2018 பிப்ரவரியில் கியூபெக்கின் லீஃப் ரிவர் கூட்டத்துக்கும் விளையாட்டு வேட்டை மூடப்பட்டது.

இதெல்லாம் டிராஃபி வேட்டையால் ஆனது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய். கேரிபூக் கூட்டங்கள் இயல்பாகவே ஏறி இறங்குபவை. மேய்ச்சல் நிலம் தேய்வது, மாறும் தட்பவெப்பம், சுரங்கம், சாலை, ஓநாய் என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. என் புகார் வேறு. இத்தனை பெரிய வீழ்ச்சி நடக்கும்போது அந்த மதிப்பெண்ணுக்கு அது தெரியாது. 7 லட்சத்தில் ஒன்றாக இருந்த மானின் 375-ம், தேய்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் மிஞ்சிய மானின் 375-ம் புத்தகத்தில் ஒரே 375.

பெரிய கொம்பு இருந்தால் காடு ஆரோக்கியமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்பார்கள். பாதி சரி. பெரிய கொம்பு என்றால், அந்த ஒரு ஆண் முதிர்ந்த வயது வரை ஓநாய்க்குத் தப்பியிருக்கிறது, இந்தக் கோடையில் நல்ல தீனி கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான் அதற்குச் சொல்லத் தெரியும். இந்த வருஷக் குட்டிகளில் எத்தனை பிழைத்தன, தாய்கள் எத்தனை என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

கொம்பை எண்ணும் ஆசை அமெரிக்கர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பிழைப்புக்கு மத்தியப் பிரதேசம் வந்த பிறகுதான் பாராசிங்கா என்ற பெயரின் அர்த்தம் எனக்குத் தெரிந்தது. பாரா என்றால் 12, சீங் என்றால் கொம்பு. முனைகளை எண்ணியே ஒரு மானுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். அந்த மானில் கெட்டித் தரையில் வாழும் வகை, 1970-ல் கான்ஹாவில் 66 மட்டும்தான் மிச்சம். தலைக்கு 12 என்று எண்ணத் தெரிந்த நாட்டில், தலைகளை எண்ணும்போது பார்த்தால் 66! அதன் பிறகு புல்வெளியை மீட்டு, வேலி போட்டுக் குட்டிகளைக் காத்து, கூட்டத்தைப் பல நூறாக வளர்த்திருக்கிறார்கள். 2015-ல் சாத்பூராவுக்கும் கொண்டுபோய் விட்டார்கள். இதில் ஒரு இடத்திலும் கொம்பின் நீளம் யாருக்கும் தேவைப்படவில்லை.

இன்னொரு விஷயமும் நினைவுக்கு வருகிறது. 1922-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் கொம்புகளுக்கும் தலைகளுக்கும் என்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். மறைந்துவரும் பெரிய மிருகங்களின் நினைவாக என்று அர்ப்பணித்தார்கள். கொம்பை அளந்து பதிந்து வைக்கும் ஆர்வத்துக்குப் பின்னால் அப்போது ஒரு துக்கம் இருந்தது. இனி இவை இருக்காது, அளவையாவது குறித்து வைப்போம் என்ற துக்கம். மிருகங்கள் பல பிழைத்துக்கொண்டன. டேப் மட்டும் அந்தத் துக்கத்தை மறந்துவிட்டு, போட்டிக் கருவியாக நின்றுவிட்டது.

ஆகவே என் யோசனை எளிமையானது. வேட்டை சட்டப்படி நடக்கும் இடத்தில் நடக்கட்டும். கொம்பை மதிப்பிடும் வித்தையையும் யாரும் விட வேண்டாம். ஆனால் சொல்லிக்கொடுக்கும் வரிசையை மாற்றுங்கள். புதுசாக வருகிறவருக்கு முதல் பாடம் கூட்டத்தின் கணக்கு, இரண்டாவது கொழுப்பு, மூன்றாவதுதான் இன்ச். வீட்டுச் சுவரில் தலையை மாட்டி, கீழே பித்தளைத் தகட்டில் மதிப்பெண்ணைப் பொறிக்கிறார்கள் இல்லையா, அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் பொறிக்கட்டும். அந்த வருஷம் அந்தக் கூட்டத்தில் எத்தனை கேரிபூ இருந்தது என்று.

விருந்துக்கு வருகிறவர்கள் இரண்டு எண்ணையும் படிக்கட்டும். எதைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள் என்று பார்ப்போம்.