உரிமத்தின் பிறப்பிடம்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஜெர்மனியில் குடியேறுவோர், தம் நாட்டு ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு பொதுவாக 6 மாதங்களே காரோட்டலாம். அதற்குள் அதை மாற்றியாக வேண்டும்; தவறினால், பிறகு வண்டியெடுப்பது குற்றம். இதுவரை நமக்கு வழக்கில்லை. ஆனால் சிங்கப்பூரில் உரிமம் பெற்ற தமிழர் தேர்வின்றி மாற்றிக்கொள்கிறார், ஜப்பானியரும் அப்படியே. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பெற்றவர், இருபதாண்டுகள் ஓட்டியவராயினும், எழுத்துத் தேர்விலும் சாலைத் தேர்விலும் தேற வேண்டும்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் வலப்பக்கச் சாலையில் தடுமாறுவார்களாம். சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் எந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள்? அங்கும் இடப்பக்கமே. ஆக, இங்கே சோதனைக்குள்ளாவது உரிமம் தந்த அரசின் சொல். அச்சொல் மதிப்பிழந்ததில் நமக்கும் பங்குண்டு: தரகர் வழியாக உரிமம் வாங்கியதை வெட்கமின்றிச் சொல்லித் திரிபவர்கள் நம்மிடையே உண்டு. அதற்காக, முறையாகக் கற்றவரும் அப்பழியைச் சுமக்க வேண்டுமா?

தேர்வை ஒழிக்குமாறு நாம் கேட்கவில்லை. சாலைப் பாதுகாப்பே நோக்கமெனில் எல்லோரையும் சோதியுங்கள். அட்டையில் அச்சிட்ட நாட்டின் பெயரைக் கொண்டு ஒருவரின் கைத்திறனை அளப்பது அறமும் அன்று, அறிவும் அன்று.