முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு

மனைவி மறைந்த பிறகு, எழுபத்து மூன்று வயதில் சமையலறைக்குள் நுழைந்தவன் நான். முதல் மாதமே, அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஈயச் சொம்பை இழந்தேன். வெறும் சொம்பை காஸ் அடுப்பில் வைத்துப் பற்றவைத்துவிட்டு, ரசத்துக்குப் புளி கரைக்கத் திரும்பினேன். அடி உருகி பர்னர் மேல் வழிந்துவிட்டது.

பிரெஞ்சுப் பள்ளியில் 'எத்தேன்' என்று படித்த அதே உலோகம்தான். வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும். பரீட்சையில் எழுதியது அடுப்படியில் நினைவுக்கு வரவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு என் கருத்து இதுதான். பெரிய பாத்திர செட் வேண்டாம். தட்டையான அடி, ஆடாத கைப்பிடி, நிறைந்திருந்தாலும் நம் கை தாங்கும் எடை, இவை இருந்தால் போதும். தீ அடியைத் தாண்டி எரியக்கூடாது. தாண்டினால் கைப்பிடிதான் வேகும். நான்ஸ்டிக்கையும் வெறுமனே காயவிடாதீர்கள்; 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு கெடத் தொடங்கும், அந்தப் புகை ஆகாது.

எந்தப் பாத்திரமானாலும் சரி, உள்ளே தண்ணீரோ எண்ணெயோ விழுந்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். அவள் தினமும் அப்படித்தான் செய்தாள். நான்தான் கவனித்ததில்லை.