கூடைப்பந்தும் கணக்கேடும்

நமது கலாசாலைச் சஞ்சிகையின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்ப்போர், விளையாட்டுப் பகுதியில் கூடைப்பந்தைக் குறித்து எழுதப்பெற்ற அறிக்கைகள் யாவும் ஏறக்குறைய ஒரே வாசகத்தால் அமைந்திருத்தலைக் காண்பர். நம் அணியினர் ஊக்கத்துடன் ஆடினர். இன்ன கலாசாலையை வென்றனர். இன்ன கலாசாலையாரிடம் சில புள்ளிகளில் வெற்றியை இழந்தனர். அணித்தலைவருக்கும் தேகப்பயிற்சி ஆசிரியருக்கும் நம் நன்றி உரித்தாகுக. இவ்வளவே. ஆடியவருள் எவர் எத்தனை புள்ளி ஈட்டினர், மூன்றாண்டு ஆடிச் சென்றவர் தம் காலத்தில் மொத்தம் எவ்வளவு சேர்த்தனர் என்று வினவுவோமாயின், சஞ்சிகையும் விடை கூறாது; அலுவலகமும் விடை கூறாது. நூலகத்திலிருந்து எப்புத்தகம் எந்நாளில் எவரால் எடுக்கப்பெற்றதென்பதற்குக் கணக்கு உண்டு. விடுதியில் உண்ட சோற்றுக்கும் கணக்கு உண்டு. அதில் ஒரு ரூபாயும் தவறுவதில்லை என்பதை மாணாக்கர் நன்கறிவர். மாலைதோறும் ஆடுகளத்தில் வியர்வை சிந்தியவனுக்கு மட்டும் கணக்கில்லை. இக்குறையை நீக்கவேண்டும் என்பதே ஈண்டு நாம் கூறப் புகுவது.

நாம் வாழும் இடமோ கணக்குக்குப் பேர்போன இடம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை செல்லும் சாலையின் இருமருங்கிலும் உள்ள தொழிற்சாலைகளில் எண்ணப்படாத பொருள் ஒன்றில்லை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்த் தொழிற்சாலையிலிருந்து முதற் கார் 1998-இல் வெளிவந்தது. ஒரு கோடியாவது கார் 2021-ஆம் வருஷம் ஜூன் மாதம் 30-ஆம் தேதி வெளிவந்தது. ஒரு கோடியுள் எது கடைசியென்று நாளுடன் கூறவல்லார் நம் அயலார். ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை 2010-இலும், டைம்லர் லாரித் தொழிற்சாலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 2013-இலும் தொடங்கப்பெற்றன. அங்கெல்லாம் ஒரு பாகம் எந்தத் தொகுதியில், எந்த முறைப்பணியில் பூட்டப்பட்டதென்று பின்னொரு நாளில் தேடிக் காண வழியுண்டு. இது மேனாட்டார் கொணர்ந்த புதுப் பழக்கம் என்று எண்ணுவோர், இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூருக்கு ஒருமுறை சென்று வருக. முதற் பராந்தக சோழன் காலத்தே, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் குடவோலை முறையைக் கல்லில் வெட்டிவைத்தபோது, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என்றும் சேர்த்தே வெட்டினர். அவ்விதியை நம் விளையாட்டுக் கழகங்களுக்குப் பொருத்துவோமாயின், கழகத்தில் எவரும் எஞ்சார் என்று அஞ்சுகிறோம்!

நிற்க. கூடைப்பந்து கணக்குடன் பிறந்த விளையாட்டு. 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 21-ஆம் தேதி, அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் தம் வகுப்பு மாணாக்கர் பதினெண்மரை ஒன்பதின்மராக இரு கட்சியாய்ப் பிரித்து, பீச்சுப்பழக் கூடைகளிரண்டை உயரத்தில் அறைந்து ஆடச்செய்தார். அன்று விழுந்தது ஒரே ஒரு பந்து. அதனை எறிந்தவர் வில்லியம் சேஸ் என்பது இன்றும் உலகத்தார் அறிந்த செய்தி. ஆடிய மற்றவர் பெயர்களும் எழுதிவைக்கப்பட்டுள்ளன. அவ்விரு கட்சித் தலைவருள் ஒருவராகிய டங்கன் பாட்டன் 1894-இல் இவ்விளையாட்டை இந்தியாவுக்குக் கொணர்ந்தார் என்பர். ஸ்பிரிங்ஃபீல்டிலேயே பயின்ற ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் 1920-இல் தேகப்பயிற்சிக் கலாசாலையை நிறுவினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்திய அணியுடன் சென்றவரும் அவரே. அக்கலாசாலையில் பயின்ற ஆசிரியரே தமிழ்நாட்டுப் பள்ளிகள்தோறும் இவ்விளையாட்டைப் பரப்பினர். ஆகவே ஸ்பிரிங்ஃபீல்டின் கூடை நந்தனம் வழியாக நம் சாலைக்கு வந்துசேர நெடுங்காலம் ஆகவில்லை. கூடை வந்தது, அத்துடன் வந்திருக்கவேண்டிய ஏடு வழியில் எங்கோ தங்கிவிட்டது.

ஆட்டத்தின்போது ஏடு எழுதப்படுவதில்லையா எனின், எழுதப்படுகிறது. சர்வதேச விதிப்படி அமைந்த புள்ளித்தாளில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் எண்ணும், அவர் செய்த தவறுகளும், புள்ளிகள் ஏறிய வரிசையும் குறிக்கப்பெறும். களத்திலிருந்து எறிந்த பந்துக்குச் சாய்கோடு. தண்டனை எறிதலுக்குப் புள்ளி. மூன்று புள்ளி எறிதலாயின் எறிந்தவரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். படியெடுக்கும் தாள்கள் அடியில் வைக்கப்பெற்று, வென்ற அணிக்கொன்றும் தோற்ற அணிக்கொன்றும் கொடுக்கப்படும். நாற்பது நிமிஷ ஆட்டத்தை அத்தாளிலிருந்து முதலிலிருந்து கடைசிவரை மறுபடி கட்டியெழுப்பலாம். அத்தகைய தாள் என்ன ஆகிறது? மடித்துச் சட்டைப்பையில் வைக்கப்பெற்று, பேருந்திலேயே கசங்கி, விடுதியில் துணியுடன் துவைக்கப்படுகிறது. நாம் வேண்டுவது புதிதாக ஒன்றை எழுதவேண்டும் என்பதன்று. எழுதியதைத் தொலைக்கலாகாது என்பதே.

ஆனால் அத்தாள் எல்லாவற்றையும் கூறுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கூடையில் பட்டு மீண்ட பந்தைப் பற்றியவன், புள்ளிக்கு வழிசெய்து பந்தை நீட்டியவன், எதிரியின் எறிதலை வானிலேயே தடுத்தவன் ஆகியோர் அதில் இடம்பெறார். அமெரிக்கக் கலாசாலைகளிற்கூட இவற்றை முறையாக எண்ணத் தொடங்கியது மெல்ல மெல்லவே. மீள்பந்து 1950–51 முதலும், தடுத்தலும் பறித்தலும் 1985–86 முதலுமே அங்கு அதிகாரபூர்வமாக எண்ணப்படுகின்றன. சான்பிரான்சிஸ்கோ சர்வகலாசாலைக்கு 1955, 1956 ஆகிய இரு வருஷங்களிலும் தேசிய வெற்றியை ஈட்டித்தந்த பில் ரசல், தடுத்தலிற் சிறந்தவர் என்று கண்டோர் யாவரும் கூறுவர். எத்தனை தடுத்தார் என்று கூறவல்லார் இலர். தொகை இல்லாமையால் அவர் பெருமை குன்றவில்லையெனினும், அவர்தம் தொழிலிற் பாதி ஏட்டில் இல்லை.

கணக்கு வைத்தால் விளையாட்டுக் கெட்டுவிடும் என்று வாதிப்பார் உளர். அவர் கூற்றை எளிதில் தள்ளிவிடலாகாது. 2012-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 20-ஆம் தேதி, அயோவா மாகாணத்துக் கிரின்னல் கலாசாலையைச் சேர்ந்த ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி ஈட்டினார். உலகம் வியந்தது. ஏட்டைப் பார்த்தாலோ அவர் 108 முறை எறிந்து 52 முறை கூடையில் இட்டனர் என்பதும், தோழர் ஒருவர்க்கேனும் புள்ளிக்கு உதவியதாக ஒரு குறிப்பும் இல்லை என்பதும் விளங்கும். எதிரணியில் ஒருவர் தனியே 70 புள்ளி ஈட்டியும் அவ்வணி 179-க்கு 104 என்று தோற்றது. இதனைச் சாதனை என்பதா, கணிதப் பயிற்சி என்பதா என்று நாம் ஐயுறுகிறோம். ஆயினும் ஒன்று காண்க: அவ்வாட்டம் எத்தகையது என்பதை நமக்குக் காட்டிக்கொடுத்ததும் அதே ஏடுதான். 138 என்ற எண்ணை மட்டும் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருப்பின் நாம் ஏமாந்திருப்போம். அரைகுறைக் கணக்கே தற்பெருமையை வளர்ப்பது; முழுக்கணக்கு அதனை அடக்குகிறது.

எண்ணுக்கு அருகே அதன் சூழ்நிலையும் எழுதப்படவேண்டும் என்பதற்கு இன்னுமிரண்டு உதாரணம் கூறுவோம். ஒஹையோ மாகாணத்தில் ரியோகிராண்ட் என்னும் கலாசாலை, நூறு மாணாக்கருக்கும் குறைந்தது. மூடப்படும் நிலையிலிருந்த அதனைக் கூடைப்பந்து காத்தது என்பர். அங்கு ஆடிய பீவோ பிரான்சிஸ் 1953 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் 116 புள்ளி ஈட்டினார். எதிரணி நான்காண்டுக் கலாசாலையன்று என்று கூறி அந்த எண் பின்னர் ஒதுக்கப்பட்டது. மறுவருஷம் பிப்ரவரி 2-ஆம் தேதி, தகுதியுடைய ஹில்ஸ்டேல் கலாசாலைக்கு எதிரே 113 ஈட்டி அவர் விடையிறுத்தார். மற்றொன்று பீட் மாராவிச் என்பாரைப் பற்றியது. லூயிசியானா சர்வகலாசாலைக்காக 1967 முதல் 1970 வரை மூன்றே பருவங்களில், 83 ஆட்டங்களில், 3,667 புள்ளி சேர்த்தார். முதலாண்டு மாணாக்கர் பிரதான அணியில் ஆடலாகாது என்பது அக்காலத்து விதி. மூன்று புள்ளிக் கோடும் அன்றில்லை. டெட்ராய்ட் மெர்சி சர்வகலாசாலையின் அன்டுவான் டேவிஸ் ஐந்து பருவங்களில் 144 ஆட்டம் ஆடி, 2023 மார்ச்சில் 3,664-இல் நின்றார். மூன்றே புள்ளி குறைவு! ஓர் எறிதல் தவறியது. இருவருள் பெரியவர் எவர் என்று நாம் தீர்ப்பளிக்கப் புகவில்லை. 83, 144 என்ற எண்களும் அருகிருப்பதால் வாசிப்போர் தாமே தீர்த்துக்கொள்ளலாம். 2024-இல் அயோவா சர்வகலாசாலை மாணவி கெயிட்லின் கிளார்க் அவ்விருவரையும் கடந்து 3,951-இல் முடித்தார் என்பதையும் நம் ஆடவர் அணியினர் தம் அடக்கத்தின்பொருட்டு நினைவிற் கொள்வாராக.

நம் நாட்டில் எண்ணப்படுவது பெரும்பாலும் பதக்கமே. சென்னை அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குத் தலைமை வகித்து, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். தேசியப் போட்டிகளில் அவர் பெற்ற பதக்கங்கள் 30 என்று எங்கும் கூறப்படுகிறது. அவர் ஆடிய நெடுங்காலத்தில் கூடையிற் சேர்ந்த புள்ளிகளின் தொகை எங்கும் கூறப்படுவதில்லை. இந்தியர் ஆடவர் அணி ஒரேயொரு முறை, 1980-இல் மாஸ்கோவில், ஒலிம்பிக் கூடைப்பந்தில் ஆடியது. அவ்வாட்டங்களின் தனியாள் கணக்கு கிடைக்கிறதென்றால், அது நாம் காத்ததன்று, அவர்கள் காத்தது.

இதனால் எவருக்கு என்ன நட்டம் என்று கேட்பின், நட்டம் ஏழை மாணாக்கனுக்கே. ரெயில்வே, பெட்டித் தொழிற்சாலை, சுங்க இலாகா, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி முதலியன கூடைப்பந்து அணிகளை வைத்துப் போற்றி வந்துள்ளமையால், சென்னைச் சுற்றுவட்டத்தில் இவ்விளையாட்டு பல குடும்பங்களுக்குச் சோறிட்டிருக்கிறது. மத்திய அரசுப் பணிக்கு விளையாட்டுத் தகுதியால் விண்ணப்பிப்போன் சர்வகலாசாலையிலிருந்து மூன்றாம் படிவம் என்னும் சான்றினைப் பெறவேண்டும். அதில் போட்டியின் பெயரும், இடமும், தேதியும், பெற்ற ஸ்தானமும் உண்டு. சர்வகலாசாலைகளுக்கிடைப் போட்டியில் ஆடும் பன்னிருவருள் இடம்பெற்றவனுக்கே அது கிட்டும். அப்பன்னிருவருள் சேரத் தேர்வுக்குச் செல்லும் நம் மாணாக்கன் கையில் என்ன கொண்டுசெல்கிறான்? நகரத்துப் பெருங்கலாசாலை மாணாக்கனைத் தேர்வாளர் பலமுறை கண்டிருப்பர். பயிற்சியாளர் ஒருவர் அவன் பெயரைச் சொல்லவும் கூடும். முறைப்பணித் தொழிலாளியின் மகன், படப்பையிலிருந்தோ சுங்குவார்சத்திரத்திலிருந்தோ பேருந்தேறி வருபவன், ஒரு மணி நேரத் தேர்வாட்டத்தில் தன் மூன்று வருஷத்தையும் காட்டவேண்டியவனாகிறான். அன்று கணுக்கால் பிசகினால் மூன்று வருஷமும் பிசகியதே. முப்பது ஆட்டத்தின் கணக்கைக் கலாசாலை முத்திரையுடன் அவன் நீட்டக்கூடுமாயின், தேர்வாளர் அதனை ஏற்பரோ மறுப்பரோ, ஒருமுறை படித்தேனும் பார்ப்பர்.

செய்யவேண்டியது பெரிதன்று, பொருட்செலவும் மிகுதியன்று. புள்ளித்தாளின் படி ஆட்டம் முடிந்த அன்றே தேகப்பயிற்சி ஆசிரியர் அறைக்கு வந்துசேரவேண்டும். அங்கே கட்டுறுதியான ஏடொன்றில் படியெழுதப்பெற்று, தலைவரும் ஆசிரியரும் கையொப்பமிடவேண்டும். கணினியிலும் ஏற்றலாம், ஆயின் கணினியை மட்டும் நம்பலாகாது, ஏனெனில் மாணாக்கர் கணினி மாணாக்கருடனேயே போய்விடுகிறது. மீள்பந்து, உதவி, தடுத்தல் இவற்றை எண்ணுதற்கு ஆடாத மாணாக்கர் இருவர் போதும். இது உதவி என்று எப்பொழுது கொள்வது என்பதில் இருவரும் முரண்படுவர். முரண்படட்டும், புள்ளியியல் வகுப்பினர்க்கு இதனினும் நல்ல செய்முறைப் பயிற்சி கிடையாது. கலாசாலைகளுக்கிடைப் போட்டிகளின் கணக்கு வேறு, பயிற்சியாட்டங்களின் கணக்கு வேறு என்று பிரித்தே எழுதவேண்டும்; பிரான்சிஸின் 116 நமக்கு எச்சரிக்கை. சாதனைப் பலகை ஒன்று வேண்டும் என்று சில மாணாக்கர் கேட்கின்றனர். மூன்று வருஷம் ஏடு நிறைந்தபின் பலகையைப் பற்றிப் பேசலாம் என்பது நம் கருத்து. பலகைக்கு நன்கொடையாளர் விரைவில் கிடைப்பர். ஏட்டுக்கு எழுதுவோரே அரியர்.

பழைய மாணாக்கருக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். தம் காலத்துப் புள்ளித்தாள்கள், பத்திரிகைத் துணுக்குகள், தேதியிட்ட படங்கள் எவையேனும் பெட்டியின் அடியில் கிடக்குமாயின், அவற்றைப் படம்பிடித்துத் தேகப்பயிற்சி ஆசிரியருக்கு அனுப்பி உதவுவாராக. மங்கிய தாளாயினும் குற்றமில்லை. எதிரணியின் பெயரும், ஆட்டம் நடந்த தேதியும், எறிந்தவரின் எண்ணும் தெரிந்தாற் போதும். அவ்வெண்ணுக்குரியவர் இன்னார் என்பதைத் தாமே ஓரத்தில் எழுதி அனுப்பின், மிக்க உபகாரமாகும்.