ஏரியில் பாடு, ஐ.டி.யில் ரெஃபரல்

பழவேற்காடு ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் இறால் வலை கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது 'பாடு' முறை. சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது நியாயமான பங்கீடுதான். ஆனால் உள்ளே இருக்கப் பட்டினவராகப் பிறந்திருக்க வேண்டும். அதே தண்ணீரை நம்பிப் பிழைக்கும் தலித்துகளின், இருளர்களின் பெயர் அந்தச் சீட்டில் கிடையாது.

"வலையை விடு, கம்ப்யூட்டர் படி, அங்கே சாதி இல்லை" என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். இப்போது சைபர் செக்யூரிட்டி டெக் சப்போர்ட் என்கிறார்கள். பாஸ்வேர்டு மாற்றித் தருவது, சந்தேகத்துக்குரிய மெயிலைக் கண்டுபிடிப்பது, ஃபயர்வால் எச்சரிக்கை வந்தால் டிக்கெட் போட்டு மேலே அனுப்புவது. தொடக்கநிலை வேலை பெரும்பாலும் இதுதான். நெட்வொர்க், லினக்ஸ் அடிப்படையும் பதறாமல் பேசும் பழக்கமும் இருந்தால் நம் பிள்ளைகளால் தாராளமாகச் செய்ய முடியும்.

பிறகு ஏன் கதவு திறப்பதில்லை? பல இடங்கள் ரெஃபரலிலேயே நிரம்பிவிடுகின்றன. உள்ளே இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைச் சேர்த்துவிடுகிறார். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு உள்ளே யாரைத் தெரியும்? இதுவும் பாடுதான். சீட்டு மட்டும் கண்ணில் படாது.

'தகுதி' பேசுபவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் தனியார் நிறுவனங்களுக்குப் போயின; பெயர்தான் வேறு. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்கச் சாதிப் பெயரைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. நெட்வொர்க் படிக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த சிஸ்கோ நிறுவனத்தின் மீதே 2020இல் கலிபோர்னியா அரசுத் துறை சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. நிறுவனம் மறுத்தது. ஆனால் கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று இனி யாரும் நமக்குக் கதை சொல்ல முடியாது.

அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு அரசு வேலையோடு நின்றுவிடுகிறது. தனியார் துறையிலும் இடஒதுக்கீடு வேண்டும். காலியிடங்களைப் பொதுவில் அறிவிக்க வேண்டும். தாட்கோ பயிற்சி, சான்றிதழோடு நிற்காமல் வேலை உத்தரவில் முடிய வேண்டும். சர்வதேசத் தேர்வுக் கட்டணத்தை அரசே கட்ட வேண்டும்; கூலிக்கு மீன் பிடிக்கும் வீட்டில் அது பல நாள் சோறு.

ஏற்கெனவே உள்ளே போய்விட்ட தோழர்களே, உங்கள் ரெஃபரலில் நம் பிள்ளை ஒருவரின் பெயரை எழுதுங்கள்.

படியுங்கள். ஆனால் படித்தால் போதும் என்பவரை நம்பாதீர்கள்.

ஜெய் பீம்!